எழுத்து யாருடைய சொத்து?

"எந்தப் பேனையால் எழுதினால் என்ன? எழுதப்படுவது தமிழாயிருந்தாற் போதாதா?" கணினியிலே தமிழ் எழுதும் முறைகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் இலக்கிய நண்பர்கள் இவ்வினாவை எழுப்புகிறார்கள், எழுப்பியவுடனே விவகாரம் தீர்ந்துவிட்டதென்றும் கருதிவிடுகிறார்கள். ஒருவருக்குப் பாமினி எழுத்துரு கைவந்திருக்கிறது. இன்னொருவருக்கு ஒருங்குறி பிடித்திருக்கிறது. வெற்றிலை போடுபவர் வெற்றிலை போடட்டும், சுருட்டுக் குடிப்பவர் சுருட்டுக் குடிக்கட்டும். இதிலே பொதுநலம் எங்கே வந்தது என்பது அவர்களுடைய கட்சி.

இக்கட்சியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மென்பொருளைத் தெரிவு செய்வதிற் பெரும்பகுதி சொந்த விருப்பமே என்பது மெய். எந்த நிறுவனத்தின் கணினியை வாங்குவது, எந்தக் கையடக்கத் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்திருப்பது என்பவற்றிலே அயலார் தலையிட வேண்டியதில்லை. ஆனால் தமிழெழுத்தை எந்தக் குறியீட்டிலே சேமித்து வைக்கிறோம் என்பது அவ்வகையைச் சார்ந்ததன்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணறு போன்றது அது. கிணறு என் வளவுக்குள் இருக்கலாம். கட்டும் துலாவும் என்னுடையனவாயிருக்கலாம். ஆனால் அடியிலே ஓடும் நீர் ஊருக்குப் பொது. என் கிணற்றில் நான் கொட்டுவது அடுத்த வளவுக் கிணற்றிலே தலைகாட்டும்.

கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம்

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று எல்லாரும் உடன்பட்டிருந்தால்தான் ஓரிடத்தில் எழுதியதை வேறோரிடத்திற் படிக்கலாம். ஆங்கிலத்திற்கு இத்தகைய உடன்பாடு ஆஸ்கி என்னும் பெயரில் 1963ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. பின்னர் நம்மவர் கணினியைக் கையிலெடுத்தபோது அவ்வட்டவணையிலே தமிழுக்கு இடம் இருக்கவில்லை. ஆகவே அவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அந்த எண்ணுக்குத் திரையிலே தோன்றும் உருவத்தை மட்டும் தமிழெழுத்தாக வரைந்துகொண்டார்கள். இலங்கையில் அச்சகந்தோறும் பரவிய பாமினி எழுத்துரு இவ்வழியில் அமைந்ததே.

பாமினியிலே "தமிழ்" என்று தட்டினால் திரையிலும் தாளிலும் தமிழ் என்றே தெரியும். ஆனால் கணினியினுள்ளே பதிவாகியிருப்பது யாது? ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் அவற்றின் பின்னே ஓர் அரைப்புள்ளியும். தமிழ் என்ற வேடம் எழுத்துருவிலே இருக்கிறது. வேடத்தைக் கழற்றினால் உள்ளே தமிழ் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே கோப்பினைத் திறந்தால் "அம்மா" என்பதும் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பல்லைக் காட்டும்.

இதைச் செய்தவர்களை நான் குறைகூற வரவில்லை. வேறு வழியில்லாத காலத்தில் அவர்கள் தமிழைத் திரையிலே நிறுத்தினார்கள். போரும் பொருளாதாரத் தடையும் நிலவிய காலத்திலும், மின்சாரமும் தாளும் கிடைத்தற்கரியனவாயிருந்த ஊர்களிலும், நம் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் தொடர்ந்து வெளிவந்தமைக்கு இத்தகைய எழுத்துருக்களும் கைகொடுத்தன. ஆற்றைக் கடக்க உதவிய ஓடத்துக்கு நன்றி சொல்லவேண்டும். கரையேறிய பின்னரும் ஓடத்தைத் தலையிலே சுமந்துகொண்டு நடக்கவேண்டுமா என்பதே என் கேள்வி.

"பாமினியில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்ற மென்பொருள் உண்டே, வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாமே" என்று சொல்வார்கள். உண்டு; ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கதன்று. கட்டுரையிலே தமிழோடு ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால், எது வேடமிட்ட தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்பது வெறும் எண்களைக் கொண்டு தெரியாது. பூனையைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை அம்மென்பொருளிலே இட்டால் "உயவ" என்றொரு சொல் வெளிவரும். எந்த நிகண்டிலும் அதற்குப் பொருள் காணமுடியாது. விஞ்ஞானக் கட்டுரை ஒன்றையோ, ஆங்கிலப் பெயர்கள் நிறைந்த வரலாற்றுக் கட்டுரை ஒன்றையோ இப்படி மாற்றிப் பார்த்தவர்கள் அதன் தொல்லையை அறிவார்கள்.

இன்னொன்று நம் பண்டிதர்களுக்குச் சுவையாயிருக்கும். பாமினியிலே தட்டச்சுச் செய்வோர் ரகர மெய்யை எழுதுகையிற் பெரும்பாலும் ரகரத்தைத் தட்டுவதில்லை. ஆகார நெடிலுக்குரிய காலைத் தட்டி, அதன்மேற் புள்ளியை வைத்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதால் அச்சிற் பிழையில்லை. ஆனால் கணினியிற் பதிவாகியிருப்பது ரகரமன்று, தனித்து நிற்கும் கால். ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் பட்ட இடர்களுள் ஒன்று இதுவே. ஏட்டிலே ரகரமும் காலும் வேறுபாடின்றி இருந்தன, புள்ளி இருக்கவில்லை, எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் ஒரே வடிவில் இருந்தன. அச்சு வந்து தீர்த்துவைத்த குழப்பங்களுள் ஒன்றை, நூறாண்டுகளுக்குப் பின்னர் நாமே மின்சாரத்தின் உதவியோடு மீட்டுக்கொண்டிருக்கிறோம்!

ஏட்டிலிருந்து அச்சுக்கு

ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். ஏட்டிலே எழுதிப் பழகிய கையும், ஏட்டிலே படித்துப் பழகிய கண்ணும் உடைய ஒரு சமுதாயத்தின் நடுவில் அவர் அதைச் செய்தார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். அழிந்துகொண்டிருந்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, அவர் பதிப்பித்திராவிட்டால் அந்நூல்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

அவர்கள் காலத்திலும் "ஏடு எங்களுக்குப் போதும்" என்று கூறியவர்கள் இருந்திருப்பார்கள். ஏட்டை எழுதியவனுக்கும் அதை வைத்திருந்த குடும்பத்துக்கும் ஏடு போதுமானதுதான். ஆனால் எழுத்து, எழுதியவனுக்கும் வைத்திருப்பவனுக்கும் மட்டும் உரியதன்று. இன்னும் பிறக்காதவனுக்கும் அதிலே பங்குண்டு. நாவலரும் தாமோதரம்பிள்ளையும் தம் காலத்துப் புதிய கருவியைக் கைக்கொண்டதற்குக் காரணம் புதுமை மோகமன்று; பங்காளியின் பங்கு கெடலாகாதே என்ற கவலை.

இந்நாட்டிலே நூல்களை இழப்பது எத்தகைய துயரம் என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அது பிறர் இட்ட தீ. கணினிக் கோப்புகளாகக் கிடந்து, எழுத்துரு மறைந்து, மென்பொருள் காலாவதியாகி, ஒருவரும் திறந்து பாராமலே மாய்ந்துபோகும் நூல்களுக்குத் தீ வேண்டியதில்லை. நம் அசட்டை ஒன்றே போதும்.

நட்டப்படுவோர் யாவர்?

முதலாவதாக, தேடுவோர். அரச அலுவலகம் ஒன்றின் தமிழறிக்கையை அண்மையில் இணையத்தளத்திலே பார்த்தேன். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். எழுத்துக்கள் பளிச்சென்று இருந்தன. அதிலே என் பிரதேசத்தின் பெயர் எங்கெங்கே வருகிறது என்று அறிய விரும்பித் தேடற்கட்டத்திலே அப்பெயரைத் தட்டினேன். "காணப்படவில்லை" என்ற விடை வந்தது. ஆனால் கண்ணெதிரே, நான்காம் பக்கத்திலேயே, அப்பெயர் இருந்தது. அதே அறிக்கையின் ஆங்கிலப் பிரதியிலே தேடியபோது ஒரு நொடியிற் கிடைத்தது. தமிழன் பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். ஆங்கிலம் அறிந்தவன் ஒரு சொல்லைத் தட்டினாற் போதும்.

1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவலைப் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்தது. இவ்விரண்டும் நாம் பெருமைப்படத்தக்கவை. ஆனால் ஆங்கிலத்திலே தேடத்தக்கதாயும் தமிழிலே பார்க்க மட்டும் தக்கதாயும் ஒரே ஆவணம் வெளிவருமானால், சம உரிமை எழுத்துருவின் வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்டுவிட்டது என்றே நான் கொள்வேன்.

இரண்டாவதாக, விழிப்புலனற்றோர். திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அவுஸ்திரேலியாவில் 2006ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட என். வி. டி. ஏ. என்பது அவற்றுள் ஒன்று; அது தமிழையும் வாசிக்கும். அதன் உச்சரிப்பிலே குறையுண்டு. எனினும் பிறர் துணையின்றித் தாமே ஒரு கட்டுரையைக் கேட்டறியும் வாய்ப்பை அது கொடுக்கிறது. பாமினிக் கோப்பு ஒன்றை அதனிடம் கொடுத்தால் என்ன நிகழும்? "ஜேகேபீஓ" என்று ஆங்கில எழுத்துக்களைப் பிதற்றும். கண்ணுள்ளவனுக்கு அந்த வேடம் தமிழாகத் தோன்றுகிறது; கண்ணில்லாதவனுக்கு வேடமே கிடையாது. என் பார்வைக்கு வந்த பாடசாலைக் கையேடுகளிலும் மாதிரி வினாத்தாள்களிலும் பல இன்னும் இவ்வகைக் கோப்புகளாகவே கைமாறுகின்றன. ஆசிரியர்கள் மனமறிந்து அப்பிள்ளைகளை ஒதுக்குபவர்களல்லர். ஆயினும் பிள்ளை ஒதுக்கப்படுகிறது.

மூன்றாவதாக, நூலகங்கள். 2005ஆம் ஆண்டிலே தன்னார்வலர்களால் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து உலகுக்கு வழங்கிவருகிறது. அதன் தொண்டு போற்றற்குரியது. ஆனால் அங்கே ஒரு வேடிக்கையுமுண்டு. நாவலர் காலத்து அச்சு நூலைப் படம்பிடிப்பது தவிர்க்கமுடியாதது. இருபதாண்டுகளுக்கு முன்னர் கணினியிலே கோத்து வெளியிட்ட நூலையும் அப்படியே படம்பிடித்து, படத்திலிருந்து எழுத்தை உய்த்துணரும் மென்பொருளைக் கொண்டு மீண்டும் எழுத்தாக்க வேண்டியிருக்கிறதே, இது என்ன விதி? பிறந்தபோதே கணினியிற் பிறந்த நூல், தாளிலே இறங்கி, பின்னர் படமாகி, அதன்பின் பிழைகளோடு கணினிக்குத் திரும்புகிறது. வாசலால் வரக்கூடியவரைக் கூரையைப் பிரித்து இறக்குவது போன்றது இது.

நான்காவது நட்டம் எழுத்தாளர்களையும் ஆசிரியர்களையும் நேரே தொடுவது. இன்று எழுதும் இயந்திரங்களும் மொழிபெயர்க்கும் இயந்திரங்களும் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவை மொழியைக் கற்பது இலக்கணம் படித்தன்று. மனிதர் எழுதிவைத்த ஏராளமான உரைகளைப் படித்தே அவை கற்கின்றன. தமிழாகச் சேமிக்கப்பட்ட உரையே அவற்றுக்குத் தமிழ். ஜே, கே, பீ, ஓ என்று கிடப்பது அவற்றின் கண்ணிலே குப்பை. பல்லாண்டுகளாக நம் பத்திரிகைகளிலும் நூல்களிலும் எழுதப்பட்ட ஈழத்துத் தமிழிற் பெரும்பகுதி இக்குப்பைக் கணக்கிலே சேர்ந்துவிடக்கூடும் என்று அஞ்சுகிறேன்.

அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கதிரை, திறப்பு, வளவு, படலை, பாவனை, சுற்றுநிருபம் என்பன நமக்கு அன்றாடச் சொற்கள். நாளைய மாணவன் ஒருவன் "கதிரை" என்று எழுதும்போது இயந்திரம் அதைப் பிழையெனச் சிவப்புக் கோடிட்டு, "நாற்காலி" என்று திருத்துமாயின், அவன் யாரை நம்புவான்? தமிழகத்துத் தமிழுக்கு நான் பகைவனல்லன்; அதுவும் நம் தமிழே. ஆனால் ஈழத்து வழக்குக்கும் இலக்கியத் தகுதியுண்டு என்று நிறுவ நம் முன்னோர் எத்தனை எழுத்துப்போர் நடத்தினர்! அவர்கள் மேடையில் வென்றதை நாம் கோப்பிலே தோற்றுவிடுவதா?

தடை கூறுவோர்க்கு

"இருபதாண்டுப் பழக்கம், இனிப் புதிய விசைப்பலகையைக் கற்கமாட்டோம்" என்பது தட்டச்சாளர்களின் தடை. இவர்களிடம் எனக்கு மிகுந்த அனுதாபமுண்டு. விரல்களிலே ஊறிய பழக்கம் எளிதில் மாறுவதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வடிவமைத்த முன்னோடி. அத்தகைய பொறிகள் வழியாக வளர்ந்த விசையமைப்பின் வழிவந்ததே பாமினியின் விசையமைப்பும். அதை வெறுப்பதற்கு எனக்கு ஒரு நியாயமுமில்லை.

ஆனால் இங்கே இரண்டு பொருள்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. விசைப்பலகை வேறு, குறியீடு வேறு. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்பது விசைப்பலகையின் காரியம். வந்த எழுத்தை எந்த எண்ணாகப் பதிந்து வைப்பது என்பது குறியீட்டின் காரியம். இ-கலப்பை, என். எச். எம். எழுதி போன்ற இலவச மென்பொருள்களை நிறுவிக்கொண்டால் பாமினி விசையமைப்பிலேயே தட்டலாம். பதிவாவதோ ஒருங்குறித் தமிழ். விரல் தன் பழக்கத்தை விடவேண்டியதில்லை. விசைப்பலகை அவரவர் விருப்பம். குறியீடு ஊருக்குப் பொது. என் வாதமனைத்தையும் ஒரு வாக்கியத்திற் சுருக்கவேண்டுமானால் இதையே சொல்வேன்.

இரண்டாந் தடை இலக்கணம் அறிந்தவர்களுடையது. "ஒருங்குறி தமிழுக்கு நீதி செய்யவில்லை" என்கிறார்கள். இதனைப் புறக்கணித்துச் செல்வது முறையன்று. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் பொது அட்டவணையைத் தழுவி அந்த இடம் அமைக்கப்பட்டது. தமிழெழுத்துக்கள் 247க்கும் தனித்தனி இடம் கொடாமல், உயிரையும், அகரமேறிய மெய்யையும், உயிர்க்குறிகளையும், புள்ளியையும் வைத்து மற்றவற்றைக் கூட்டிக்கொள்ளும்படி விட்டார்கள். ஆதலால் மெய் தனியாயிருக்க, அதனோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்ற நம் இலக்கண முறை தலைகீழாயிற்று. அங்கே ககரத்தின்மேற் புள்ளி வைத்தாற்றான் மெய் பிறக்கிறது. அகரவரிசையிலும் குழப்பமுண்டு, இறுதியில் நிற்கவேண்டிய னகரம் நகரத்தை அடுத்து அமர்ந்திருக்கிறது.

இக்குறைகள் மெய்யானவை. அவற்றை நீக்கும் முயற்சியாக எழுந்ததே எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 என்னும் குறியீடு. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது டேஸ் 16ஐயும் மாற்றுத் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு ஒருங்குறியின் பொது அட்டவணையில் இடமில்லை. தனியார் தம் விருப்பம்போற் பயன்படுத்த விடப்பட்ட பகுதியிலேயே அது குடியிருக்கிறது. ஆதலால் உலகிலுள்ள கணினிகளும் தொலைபேசிகளும் அதைத் தமிழென்று அறியா. இலக்கணத்துக்கு இசைந்த வீடு. ஆனால் தபாற்காரனுக்குத் தெரியாத விலாசம்.

ஒருங்குறியின் குறைகளைக் கணினியாளர் இடையிலே சில விதிகளை வகுத்துச் சரிசெய்துவிட்டனர். அகரவரிசையை ஒழுங்காக அடுக்கும் விதியும் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டல் எத்துணை அலங்கோலமானது! அதனால் ஆங்கிலம் அழிந்துபோகவில்லை. எல்லாரும் ஒரே அலங்கோலத்துக்கு உடன்பட்டிருப்பதே அதன் வலிமை. குறையுள்ள பொதுமை, குறையற்ற தனிமையினும் மேலானது. அன்றியும், ஒருங்குறியைப் பழிக்கும் இலக்கணப் புலவர்கள் அதற்குப் பதிலாகப் பாமினியைக் கையாள்வதன் நியாயம் எனக்குப் புலப்படவில்லை. தமிழை அரைகுறையாக அறிந்த ஒன்றை விட்டு, தமிழை அறவே அறியாத ஒன்றைக் கைப்பிடிப்பது எவ்வகை இலக்கணப் பற்று?

மூன்றாந் தடை அச்சகத்தாருடையது. பக்கங்களை அமைக்கும் பழைய மென்பொருள்களிலே ஒருங்குறித் தமிழ் சிதைந்து தோன்றியது. அழகிய எழுத்துருக்களும் அரிதாயிருந்தன. இது ஒரு காலத்திலே தக்க நியாயம். ஆனால் நம் அச்சகங்கள் பெரிதும் நம்பியிருந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001இல். அதனை ஆக்கியவர்களே அதைக் கைவிட்டு வெகுகாலமாயிற்று. அவர்களின் இன்டிசைன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் தமிழை முறைப்படி கோக்கிறது. கட்டணமில்லாத லிபரே ஆபீசும் கோக்கும். இலவச எழுத்துருக்களும் பலவுள. பழைய மென்பொருளை ஓட்டுவதற்காகவே பழைய கணினியைப் பேணி, அது பழுதானால் உதிரிப்பாகம் தேடி அலைவதன் செலவையும் அச்சகத்தார் கணக்கிலே சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கொள்கையும் நடைமுறையும்

இது தனியாரின் நல்லெண்ணத்தினால் மட்டும் தீரும் காரியமன்று. அரசின் கொள்கையும் வேண்டும். அண்டை நாடொன்றின் அனுபவம் இதற்குச் சான்று. மியன்மாரில் ஸோஜி என்னும் எழுத்துரு நம் பாமினியைப் போலவே மூலைமுடுக்கெல்லாம் பரவியிருந்தது. அது ஒருங்குறியில் மியன்மார் எழுத்துக்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களையே தன் விருப்பப்படி கையாண்டது. மொன், சான், கரேன் முதலிய சிறுபான்மை மொழிகளுக்குரிய இடங்களையும் அது பர்மிய எழுத்தின் உருவங்களுக்காக எடுத்துக்கொண்டது. பெரும்பான்மையோர் வசதியென்று எண்ணியது சிறுபான்மையோரின் எழுத்தையே இடம்பெயர்த்துவிட்டது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் முதலாம் நாளை மாற்றத்துக்குரிய நாளாகக் குறித்து, அரசும் தொலைபேசி நிறுவனங்களும் ஊடகங்களும் ஒருங்கே ஒருங்குறிக்கு மாறத் தொடங்கின. ஒரு நாளிலே உலகம் மாறிவிடவில்லை. ஆனால் எத்திசையிற் செல்லவேண்டும் என்பதில் ஐயம் நீங்கிற்று.

தமிழகத்தின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 1999ஆம் ஆண்டு சென்னையிலே நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து அங்குள்ள அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளைத் தரமாக அறிவித்தது. நல்ல நோக்கமே. ஆயினும் உலகம் ஏற்காத தரம் பதினோராண்டுகளே நின்றது. 2010இல் ஒருங்குறிக்கு வரவேண்டியதாயிற்று. ஊரளவில் வகுக்கும் தரம் உலகத் தரத்தோடு இணையாவிட்டால் நிலைக்காது என்பது அதன் பாடம்.

நம் நாட்டிலே தரம் இல்லையென்று சொல்லமுடியாது. சிங்களத்துக்கு எஸ். எல். எஸ். 1134 என்னும் தரம் 1996இலும், தமிழுக்கு எஸ். எல். எஸ். 1326 என்னும் தரம் 2008இலும் வகுக்கப்பட்டன. இரண்டுக்குமிடையே பன்னிரண்டு ஆண்டுகள் சென்றதைப் பற்றி வருந்துவோர் வருந்தலாம். அதைவிட வருந்தத்தக்கது, தரம் வந்த பின்னரும் நடைமுறை அதன்வழி நில்லாமையே. தரம் ஏட்டிலே கிடக்க, அலுவலகத்து மேசையிலே பாமினி வீற்றிருக்கிறது. அரசு செய்யவேண்டியது பெரிய செலவன்று. பொதுப்பணத்திலே ஆக்கப்படும் எந்தத் தமிழாவணமும் தேடத்தக்க, வாசித்துக் கேட்கத்தக்க ஒருங்குறி எழுத்தாக இருத்தல் வேண்டும். அவ்வாறில்லாததற்கு அச்சகத்துக்குப் பணம் கொடுபடமாட்டாது. இவ்விரண்டு வரிகளைச் சுற்றுநிருபமாக அனுப்பினாற் போதும். பணம் கொடுபடும் வழியிலே மென்பொருள் தானாக மாறிவிடும்.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதும் தகாது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். சுவிற்சலாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் பல நாடுகளிற் சிதறியிருந்த தன்னார்வலர்களும் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இணையத்திலிட்டனர். தொடக்கத்திலே அவர்கள் கையாண்டதும் பழைய எழுத்துருவே. பின்னர் திஸ்கி என்னும் குறியீட்டுக்கும், அதன்பின் ஒருங்குறிக்கும் அந்நூல்களை மாற்றினர். ஓய்வுநேரத் தொண்டர்களால் இயன்றது, ஊழியரும் வருமானமும் உள்ள நிறுவனங்களால் இயலாதென்றால் நம்புவதற்கில்லை.

ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இது. அடுத்த தவணைக்குரிய வினாத்தாளை ஒருங்குறியிலே தயாரியுங்கள். உங்கள் மாணவர்களிடமே உதவி கேளுங்கள். வட்சப்பிலே நண்பனுக்குச் செய்தி எழுதும் பிள்ளை அறிந்தோ அறியாமலோ ஒருங்குறியிலேதான் எழுதுகிறது. வீட்டிலே பிள்ளை எழுதும் தமிழ் உலகத் தமிழாகவும், பாடசாலையிலே ஆசிரியர் அச்சிடும் தமிழ் வேடத்தமிழாகவும் இருப்பது அழகன்று. எழுத்தாளர்களுக்கும் ஒன்று சொல்வேன். நூலை அச்சகத்திலே கொடுக்கும்போது, அச்சிட்ட பிரதிகளோடு ஒருங்குறியில் அமைந்த கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பழைய நூல்களின் பாமினிக் கோப்புகள் உங்கள் மேசை இழுப்பறையிலே குறுந்தட்டுகளாகக் கிடந்தால், அவற்றைத் திறக்கும் கணினி கிடைக்கும் காலத்திலேயே மாற்றி, பிழைதிருத்தி, எண்ணிம நூலகம் ஒன்றிற் சேர்ப்பியுங்கள். மூலத்தை எழுதியவர் உயிரோடிருக்கும்போது மாற்றத்திலே நேர்ந்த பிழையைத் திருத்துவது ஒரு மாலைப்பொழுது வேலை. அவர் மறைந்த பின்னர் அது ஆராய்ச்சியாளரின் ஆயுள் வேலை. தாமோதரம்பிள்ளையைப் போன்றவர்கள் தலைமுறைக்கொருவர் வருவார்கள் என்பதற்கு எவரும் உறுதி தரமுடியாது.

எந்தப் பேனையால் எழுதினால் என்ன என்று கேட்ட நண்பருக்கு என் விடை இதுதான்: எந்தப் பேனையாலும் எழுதுங்கள், மை மட்டும் அடுத்தவர் கண்ணுக்கும் தெரிவதாயிருக்கட்டும்.